மைலேஜ் குறைந்த டீசல் காரும் தீப்பெட்டி அளவு ஸ்கேனரும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஓபிடி ஸ்கேனரை வாங்கினால், செல்போன் திரையில் அது காட்டும் மைலேஜை நம்பாதீர்கள். டீசல் காரில் அந்த எண் வெறும் அலங்காரம். அதே திரையின் ஓரத்தில் ஓடும் இன்னொரு எண்தான், ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்துப் பழைய கார் ஒன்றில் டீசல் எங்கே கரைகிறது என்று காட்டிக்கொடுத்தது.

கார் பக்கத்து வீட்டு அண்ணனுடையது. 2012 மாடல் டீசல் செடான். எந்தக் கம்பெனி என்பதை விடுங்கள். பானெட்டுக்குள் இருப்பது ஃபியட் உருவாக்கிய 1,248 சிசி மல்டிஜெட். மாருதி, டாடா, ஃபியட் என்று பல பெயர்களில் விற்ற கார்களுக்குள் ஒரு காலத்தில் இந்த ஒரே இன்ஜின்தான் ஓடியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்ததோடு மாருதி டீசல் காரையே விட்டுவிட்டது. அதனால் கையில் இருப்பதைப் பேணித்தான் ஓட்டியாக வேண்டும். ராமேஸ்வரம் கோயிலுக்கு வருகிறவர்களை தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை கூட்டிப்போய் வருவது அண்ணனின் தொழில். சீசனில் மல்லிகை நாற்றுக் கட்டுகளை டிக்கியில் ஏற்றி மதுரைக்கும் போவார். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 15க்கு இறங்கியிருந்தது.

ஊரில் டீசல் இன்ஜினைப் பற்றிக் கேட்க ஆள் தேட வேண்டியதில்லை. விசைப்படகு மெக்கானிக் ஒருவர் புகையைப் பார்த்தார். கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம், நீலம் என்றால் ஆயில் எரிகிறது, வெள்ளை என்றால் டீசல் சரியாக எரியவில்லை. இந்த வண்டியில் மூன்றும் இல்லை. "இன்ஜின் நல்லாத்தான் இருக்கு, ஓட்டுறவரைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணனுக்குக் கோபம்.

முதலில், குறைந்திருப்பது உண்மையா என்று பார்க்க வேண்டும். தனுஷ்கோடியில் பயணிகள் கடலைப் பார்த்து வரும்வரை ஏசி ஓட வண்டி நின்றுகொண்டிருந்தால் டீசல் தீரும், கிலோமீட்டர் ஏறாது. அதை மைலேஜ் குறைவு என்று சொல்வது நியாயமில்லை. பாம்பன் பக்கத்துக் காற்றும் கணக்கைக் கெடுக்கும். மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பழைய பாலத்தில் ரயிலையே விடாமல் நிறுத்திவைத்த அளவுக்கு வீசும் காற்று அது. ஆகவே ஒரே பங்க், ஒரே பம்பு, நாசில் தானாகக் கட் ஆகும்வரை டேங்க் நிரப்பி, மதுரைக்குப் போய்த் திரும்பி, மறுபடி அதே இடத்தில் நிரப்பினோம். போகும்போது எதிர்த்த காற்று வரும்போது ஓரளவு ஈடுகட்டிவிடும். டயர் காற்றையும் கதவோர ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்கு வைத்தோம். அப்போதும் 15தான்.

இனி ஸ்கேனர். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகி, ப்ளூடூத் வழியாகச் செல்போனோடு இணைக்கும் சாதனம். விலை சில நூறு ரூபாய். உள்ளே இருப்பது ஈஎல்எம்327 என்ற சிப்பின் நகல். அசலைச் செய்த கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் 2022இல் கடையைக் கட்டிவிட்டது. சந்தையில் '1.5' என்று எழுதி விற்கும் பதிப்பை அந்த நிறுவனம் வெளியிட்டதே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பொய்ப் பதிப்புதான் '2.1' என்று எழுதியதைவிடப் பெரும்பாலும் ஒழுங்காக வேலை செய்கிறது. ஐபோன்காரர்கள் சாதாரண ப்ளூடூத் மாடலை வாங்காமல் வைஃபை அல்லது பிஎல்இ மாடல் கேட்டு வாங்குங்கள். இந்தியாவில் ஓபிடி முதல்கட்ட விதி 2010 ஏப்ரலிலும் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் வந்தன. 2013க்கு முந்தைய வண்டி என்றால், இணைகிறதா என்று நண்பரின் ஸ்கேனரை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

செயலி காட்டும் மைலேஜ் ஏன் பொய்? இத்தகைய செயலிகள் பலவும் இன்ஜினுக்குள் போகும் காற்றை அளந்து, 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு எரிபொருள் என்று வகுத்துக்கொள்கின்றன. பெட்ரோலுக்கு அது பொருந்தும். டீசல் இன்ஜின் காற்றைத் தாராளமாக இழுத்துக்கொண்டு, டீசலை மட்டும் கூட்டிக் குறைக்கும். ஐட்லிங்கில் 50 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு டீசல்கூட இருக்காது. நின்றுகொண்டிருக்கும் வண்டி ஏகத்துக்கும் டீசல் குடிப்பதாகத் திரை அலறுவது அதனால்தான்.

எரர் கோடு எதுவும் இல்லை. "லைட்டே எரியல தம்பி, இதை மாட்டி என்னத்தப் பாக்குற?" என்றார் அண்ணன். கோடு இல்லாவிட்டாலும் லைவ் டேட்டா இருக்கிறதே. சாவியைப் போட்டு, ஸ்டார்ட் செய்யாமல் மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்த்தோம். கடல் மட்டத்தில் அது 101 கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்ட வேண்டும், காட்டியது. சென்சார் சரி. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் டர்போவும் ஒழுங்காக ஏறியது. கூலன்ட் வெப்பம்தான் உதைத்தது. ஓடிச் சூடான இன்ஜினில் 85, 90 டிகிரி நிற்க வேண்டிய இடத்தில் 72. பாம்பன் ரோடு பாலத்தின் இரண்டேகால் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் காற்று எதிர்த்தடிக்க, 67 வரை இறங்கியது. டேஷ்போர்டு முள் இதைக் காட்டவே இல்லை. பல கார்களில் அந்த முள்ளை, கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள்.

கழற்றிப் பார்த்தால், கூலன்ட்டைச் சூடாக வைத்திருக்க வேண்டிய தெர்மோஸ்டாட் வால்வே இல்லை. எப்போதோ வண்டி ஓவர்ஹீட் ஆனபோது ஒரு பட்டறையில் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். வெயில் ஊருக்கு வால்வு எதற்கு என்பது நம் பக்கத்தில் பழைய வைத்தியம். ஓவர்ஹீட்டுக்குக் காரணமான ரேடியேட்டர் அடைப்பையோ ஃபேனையோ பார்க்காமல் வால்வை எடுத்துவிட்டால், இன்ஜின் ஆயுள் முழுக்க உடம்பு சூடேறாத நோயாளியாகவே இருக்கும். ஆயில் கெட்டியாகவே ஓடும், இன்ஜின் இன்னும் சூடேறவில்லை என்று நினைத்துக் கம்ப்யூட்டரும் அதற்கேற்ற கணக்கில் டீசலை விடும். புது வால்வு போட்டதும் 17க்கு மேல் வந்தது.

மீதி எங்கே? இதற்கு ஸ்கேனரிடம் பதில் இல்லை. இன்ஜின் தள்ளும் சக்தி சக்கரத்தில் என்ன ஆகிறது என்று அதற்குத் தெரியாது. இந்தத் தீவில் உப்புக்காற்று முதலில் தின்பது பிரேக்கையும் கேபிளையும்தான். பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவந்து, வண்டியை நிறுத்தியவுடன் இன்ஃப்ராரெட் வெப்பமானித் துப்பாக்கியால் நான்கு சக்கரங்களையும் பார்த்தோம். இடது பின்சக்கர டிரம் 90 டிகிரியைத் தாண்டியது. மற்றவை 50ஐ ஒட்டி. துருப்பிடித்த ஹேண்ட்பிரேக் கேபிள் முழுதாக விடவில்லை. ஜாக்கி போட்டுக் கையால் சுற்றியபோது சக்கரம் அரை வட்டத்தில் நின்றது. கேபிளை மாற்றியபின் 19ஐத் தொட்டிருக்கிறது. இந்த வயதுக்கு அதற்குமேல் நான் கேட்கமாட்டேன். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிய துப்பாக்கி இதற்கு உதவாது. அது உடல் சூட்டுக்கு மட்டும். ஒர்க்‌ஷாப்புக்கான மாடல் வேண்டும்.

இன்ஜெக்டர் தேய்மானத்தையும் இந்த மலிவு ஸ்கேனர் சொல்லாது. அதற்கு நான்கு ரிட்டர்ன் குழாய்களிலும் பாட்டில் கட்டி, எதில் அதிகம் வழிகிறது என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. டீசல் பம்ப் பட்டறையில் செய்வார்கள்.

வாங்கலாமா? வாங்கலாம், கூலன்ட் வெப்பத்துக்காக மட்டுமே என்றாலும். கையில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது, ஊரும் கடலோரம் என்றால், நான் முதலில் வெப்பமானித் துப்பாக்கியைத்தான் வாங்குவேன். ஸ்கேனர் வாங்கினால் வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். வண்டி நிற்கும்போதும் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். பாஸ்வேர்டு பெரும்பாலும் 1234 என்பதால் பக்கத்தில் நிற்கும் யாரும் இணைத்துக்கொள்ளலாம். சாக்கெட்டின் மூடியையும் மறக்காமல் போடுங்கள், பின்களை உப்பு பச்சையாக்கிவிடும்.