வேதசாட்சியும் உயிர்க்கொடையும்

விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவருக்குத் தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் மூன்று பெயர்கள். பழைய கத்தோலிக்கர் வேதசாட்சி என்பார்கள். இன்றைய வழிபாட்டு நூல்களில் மறைசாட்சி. சீர்திருத்த சபையாருக்கு இரத்தசாட்சி. மூன்றிலும் மாறாமல் நிற்கிற சொல் சாட்சி. எப்படிச் செத்தார் என்பதற்கு முன், எதற்குச் சாட்சி சொன்னார் என்று கேட்கிற மரபு இது.

எல்லாவற்றுக்கும் மூலம் சிலுவை. அதற்கு வந்த விளக்கங்களில் பழவேற்காடு ஏரிக்கரை ஆரம்பாக்கத்துக்காரருக்குச் சட்டென்று பிடிபடுவது நான்காம் நூற்றாண்டு நிசா நகர் கிரகோரியாருடையது. தூண்டில் முள்ளை இரை மூடியிருப்பதுபோல இயேசுவின் உடலுக்குள் இறைத்தன்மை மறைந்திருந்தது. சாத்தான் இரையை விழுங்கி முள்ளில் மாட்டிக்கொண்டான் என்றார். ஏரியை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. ஆனால் கடவுள் சூது செய்வாரா என்ற உறுத்தல் பலருக்கு இருந்தது. 1098 வாக்கில் ஆன்செல்ம் வேறு கணக்குப் போட்டார். மனிதன் பட்ட கடனை மனிதனால் அடைக்க முடியாது. கொடுத்தே தீரவேண்டிய கட்டாயம் இல்லாத தம் உயிரைக் கிறிஸ்து கொடுத்து அடைத்தார். படகுக்கும் வலைக்கும் முன்பணம் வாங்கி, பிடித்த மீனையெல்லாம் கொடுத்தும் கடன் தீராதவருக்கு ஆன்செல்ம் புரிவார். அவருக்குப் பின் அபெலார்டு அன்பை முன்னே வைத்தார். சீர்திருத்தக்காரர்கள் தண்டனையை முன்னே வைத்தார்கள். எனக்கு ஆன்செல்மின் அந்த ஒரு சொல் போதும்: கட்டாயம் இல்லாத.

கட்டாயம் இல்லாமல், மனம் உவந்து உயிரைக் கொடுப்பது என்றால் வலியப் போய்ச் சாவது என்று ஆகிவிடாதா? இதற்குத் திருச்சபை ஆரம்பத்திலேயே கறாராகப் பதில் சொல்லிவிட்டது. இரண்டாம் நூற்றாண்டில் ஸ்மிர்னா ஆயர் போலிக்கார்ப்பு கொல்லப்பட்டதைச் சொல்லும் மடல், தானே முன்வந்து பிடிபட்ட குயிந்துஸ் என்பவர் காட்டு விலங்குகளைக் கண்டதும் மறுதலித்ததையும் சொல்கிறது. அப்படி வலியப் போவதைப் புகழ்வதில்லை என்கிறது. பட்ட தண்டனையைப் பார்க்காதே, காரணத்தைப் பார் என்றார் அகுஸ்தீனார்.

நம் மண்ணில் இந்த அளவுகோலுக்கு நல்ல உரைகல், போர்ச்சுகலிலிருந்து வந்த குரு அருளானந்தர். 1686இல் மறவர் நாட்டில் பிடிபட்டு, வதைபட்டு, திரும்பி வராதே என்ற எச்சரிக்கையோடு விடப்பட்டார். ஐரோப்பா போனபோது போர்ச்சுகல் மன்னர் தம்மிடமே இருத்திக்கொள்ளப் பார்த்தார். அவரோ விட்டுவந்த மக்களிடமே திரும்பினார். 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டது. இன்றும் அங்கே போகிறவர்கள் செம்மண்ணைக் காகிதத்தில் மடித்து எடுத்துவருகிறார்கள். அவர் சாவைத் தேடிப் போனார் என்று நான் சொல்லமாட்டேன். நல்ல ஆயனைப்போல ஆடுகளை விட்டு ஓட மறுத்தார்.

திருவிதாங்கூர் அரசில் வேலைபார்த்துக் கிறிஸ்தவரான தேவசகாயம் 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். காரணம் மதமா, அரசத் துரோகமா என்ற வாதம் நெடுநாள் நடந்தது. 2022 மே 15இல் புனிதர் பட்டம் வந்தது.

கொன்றவன் விசுவாசத்தை வெறுத்தானா என்ற இந்தக் கேள்விதான் கோல்பேயிடம் முட்டி நின்றது. 1941இல் ஆஷ்விட்ஸ் முகாமில், குடும்பஸ்தரான ஒரு கைதிக்குப் பதிலாகச் சாக முன்வந்த குரு அவர். 1971இல் அருளாளரானபோது மறைசாட்சி என்று சொல்லவில்லை. 1982இல் புனிதரானபோதுதான் சொன்னார்கள். 2017இல் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர் நிலைக்குத் தனி வழியே திறந்தார்: பிறர்மீது வைத்த அன்பால், நிச்சயமான, நெருங்கிய சாவை மனமுவந்து ஏற்றிருக்கவேண்டும், கொல்பவன் இருக்கவேண்டியதில்லை. மறைசாட்சிக்கு வேண்டாத ஒன்று இங்கே வேண்டும், அருளாளர் பட்டத்துக்கு ஒரு புதுமை (அற்புதம்).

இது நம் ஏரிக்கரைக்கு மிக நெருங்கிய வழி. முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து, கூட வந்தவனைப் பலகையில் ஏற்றிவிட்டுத் தான் மூழ்குகிறவனைக் கொல்ல யாரும் வரவில்லை. பழைய அளவுகோலில் அவனுக்கு இடமே இல்லாதிருந்தது.

உங்கள் குப்பத்தில் அப்படி உயிரைக் கொடுத்தவர் இருந்தால், கண்ணால் பார்த்தவர்கள் இருக்கும்போதே அதைப் பங்கில் எழுதிவையுங்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாள் பூசையில் அந்தப் பெயரை வாசிக்கச் சொல்லுங்கள்.