பரம்பரை என்றொரு தகுதி

'ஆள் தெரிஞ்சாத்தான் ஆபீசராகலாம்' என்கிற பேச்சு பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கத்தில் சாதாரணம். இதைப் புலம்பல் என்று ஒதுக்குவது, அப்படியே ஒப்புக்கொள்வது, இரண்டுமே சோம்பேறித்தனம். கேள்வியை வேறு மாதிரி கேட்க வேண்டியிருக்கிறது: ராணுவ அகாதமியின் வாசலில் குடும்பம் எந்த உருவத்தில் நுழைகிறது?

சிபாரிசு உருவத்தில் நுழைவது கடினம். கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்பு அகாதமிக்கு யூபிஎஸ்சி எழுத்துத் தேர்வு 900 மதிப்பெண். தேர்வு வாரியத்தின் 5 நாள் சோதனை இன்னொரு 900. உளவியலாளர், குழுச் சோதனை அதிகாரி, நேர்காணல் செய்பவர் மூவரும் தனித்தனியே எடைபோட்ட பிறகே ஒன்றாக உட்காருகிறார்கள். மாமா கர்னல் என்பதற்கு மதிப்பெண் கிடையாது. 2021 மார்ச்சில் அதிகாரித் தேர்வு முறைகேடு குறித்து ராணுவ அதிகாரிகள் மீது சிபிஐ வழக்குப் பதிந்ததை மறக்க வேண்டாம். ஆனால் அது விதிமீறல் பற்றிய குற்றச்சாட்டு. விதிக்கு உட்பட்டே நடப்பதுதான் இங்கே நம் பிரச்சினை.

அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்டில் உயர் வீரப் பதக்கம் பெற்றவரின் பிள்ளைகளுக்குச் சேர்க்கையில் தனிவழி உண்டு. அங்கே குடும்பம் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. இங்கே எழுதாமலே இயங்குகிறது.

நேர்காணலுக்கு முன் நிரப்பித் தரும் படிவத்தை ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். தகப்பன் தொழில் என்ன, படிப்பென்ன, வருமானம் என்ன? பெற்றோர் உன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று எழுதச் சொல்லும் சோதனையும் உண்டு. கண்டோன்மென்ட் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைக்கு இதெல்லாம் வீட்டுப் பேச்சு. 2022 முதல் பெண்களுக்கும் அகாதமி திறந்துவிட்டது. ஆனால் வீரவநல்லூர்த் தறிக்காரர் மகளுக்கு வினாத்தாளே ஆங்கிலம் அல்லது இந்தி. பியர் பூர்தியூ பண்பாட்டு மூலதனம் என்று சொன்னது இதைத்தான். வீடு கொடுத்ததை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பிறவித் திறமையாக வாசித்துவிடுகிறார்.

1962இல் தொடங்கிய அமராவதிநகர் சைனிக் பள்ளி இந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான். அங்கும் படைவீரர் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு இருக்கிறது. சிப்பாய் மகனுக்கு அது நியாயம். கர்னல் மகனும் அதே கணக்கில் வருவதுதான் இடிக்கிறது.

'அது ராணுவக் குடும்பம், ரத்தத்துலயே இருக்கு' என்பார்கள். ரத்தத்தில் இருப்பதாகச் சொல்லப்படுவது கோப்பில் உருவானது. 1799-1801 போருக்குப் பின் கம்பெனி நம் பாளையக்காரர்களின் கோட்டைகளை இடித்து ஆயுதங்களைப் பறித்தது. 1880களில் சென்னைப் படைத்தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டான் போருக்கு லாயக்கில்லை என்றார். போர்க்குடிக் கோட்பாட்டின் பேரில் சென்னைப் படைப்பிரிவுகள் கரைந்தன. பல தலைமுறைகள் கம்பெனிப் படையில் உழைத்த பறையர் சிப்பாய்களின் குடும்பங்களும் இதில் வெளியே தள்ளப்பட்டன. அவர்களுடையதை யாரும் 'ராணுவப் பரம்பரை' என்று சொல்வதில்லை. ஆளெடுப்பு நின்ற இடத்தில் பரம்பரையும் நின்றுபோகிறது. அவ்வளவுதான் ரத்தத்தின் கதை.

இந்தச் சொல்லாடலை நாம் கவனிக்க இன்னொரு காரணமும் உண்டு. தாமிரபரணிக் கரையில் ஆண்ட பரம்பரை, வீரப் பரம்பரை என்று நிற்கும் பிளக்ஸ் பலகைகள் பேசுவதும் இதே மொழிதான். வீரம் பிறப்பில் வருகிறதென்று அகாதமி வாசலில் ஒத்துக்கொண்டால், ஊர்த்தெருவில் அதை மறுக்க நமக்கு வாயிருக்காது.

சேரன்மாதேவி குருகுலத்தில் 1920களில் சண்டை பந்தியில் வந்தது. பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, தனியே சோறு போட்டார்கள். அகாதமியில் பந்தி ஒன்றுதான். அந்தப் பந்திவரை யார் வந்து சேர முடிகிறது என்பதே இங்கே சண்டை. வினாத்தாள் தமிழிலும் வேண்டும். குடும்ப விவரம் மதிப்பெண் போட்டு முடிக்கும்வரை தேர்வாளர் கைக்குப் போகக்கூடாது. அதிகாரிகளாகத் தேர்வானவர்களின் பெற்றோர் தொழில், பள்ளி, மாவட்டம் பற்றிய புள்ளிவிவரம் பெயரில்லாமல் ஆண்டுதோறும் வெளியாக வேண்டும். சிபாரிசு உண்டா இல்லையா என்ற தேநீர்க்கடை வழக்கு அதற்கப்புறம் தானே தீரும்.