மன்னிப்பும் பந்தியும்

பாவசங்கீர்த்தனம் என்பது குருவின் செவியிற் குற்றத்தைக் கூறிவிட்டுப் பாரம் நீங்கி எழுந்து செல்வதன்று. மனஸ்தாபம், பாவ அறிக்கை, பரிகாரம் என்னும் மூன்றையும் பாவியிடம் வேண்டியது 1551ஆம் ஆண்டின் திரிதெந்து சங்கம். பிறனுக்கு இழைத்த தீங்கை ஈடுசெய்யும் கடமையையும் கத்தோலிக்க அறநெறி வற்புறுத்துகின்றது. மன்னிப்பைப் பேசும் இலக்கியத்தை இவ்வுரைகல்லிலேயே நாம் உரைத்துப் பார்த்தல் வேண்டும்.

இத்தாலியரான மன்சோனி 1827இல் வெளியிட்ட ‘மணவுறுதி பூண்டோர்’ நாவலை எடுத்துக்கொள்வோம். பதினேழாம் நூற்றாண்டு லொம்பார்டியிலே, பட்டுத்தொழிலாளரான ரென்சோ, லூசியா ஆகியோரின் திருமணத்தைப் பிரபுவான தொன் ரொட்ரீகோ தடுக்கின்றான். அவனுக்காக லூசியாவைக் கவர்ந்துவந்த ‘பெயரிலி’ என்னும் கொடியவன், கர்தினால் பொறோமேயோவின் முன் மனமுடைந்து அழுகின்றான். அன்றே அவளை விடுவிக்கின்றான். கண்ணீர் செயலாகின்றது, இங்கே மன்சோனியின் பேனா தவறவில்லை.

ஆனால் ரென்சோவின் நிலை வேறு. 1630ஆம் ஆண்டின் கொள்ளைநோயில், மிலான் நகர நோயாளர் விடுதியிலே ரொட்ரீகோ நினைவிழந்து கிடக்கின்றான். பழிவாங்கத் துடிக்கும் ரென்சோவைக் கடிந்து, மன்னிக்கச் செய்கின்றார் கிறிஸ்தோபரோ அடிகள். தாமும் ஒருகாற் கொலைசெய்து, கொலையுண்டவனின் தமையனிடம் மன்னிப்பு இரந்தவராதலின் அவர் வாக்கிலே உண்மை உண்டு. எனினும், ரொட்ரீகோ எதையும் இரக்கவில்லை, எதையும் ஈடுசெய்யவுமில்லை. ஏழையே கொடுக்கின்றான்.

மன்சோனி எளியோரை மேலிருந்து நோக்குகின்றார் என்று கிராம்ஷி தம் சிறைக் குறிப்புகளிற் குறைகண்டார். அதனை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் இறுதி அத்தியாயத்தை நோக்குக. ரொட்ரீகோவின் சொத்துக்கு உரிமையாளனாகும் மார்க்கீஸ் நல்லவன். மணமக்களின் வீடு நிலங்களை இருமடங்கு விலைக்கு வாங்குகின்றான். விருந்திலே தன் கையாற் பரிமாறவும் செய்கின்றான். பின்னர், தான் உண்பதற்கு வேறோர் அறைக்குச் சென்றுவிடுகின்றான்! எளியோருக்குக் கீழே நிற்குமளவு பணிவு அவனிடம் இருந்தது, சமமாக அமருமளவு இருக்கவில்லை என்று ஆசிரியரே நகைக்கின்றார்.

சமபந்திக்காகப் போராடிய மண்ணிலே வாழும் நமக்கு இந்நகையின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. மன்னிப்பு உள்ளத்தைக் கழுவலாம். பந்தியை ஒன்றாக்காதவரை பரிகாரம் முற்றுப்பெறுவதில்லை. மன்சோனியின் பக்தி சொல்லத் தயங்கிய இதனை, அவருடைய யதார்த்தக் கலை சொல்லிவிட்டது.