பழையதாக்கப்பட்ட பேட்டை

கார்லோஸ் ருயிஸ் ஸாஃபோனின் 'காற்றின் நிழல்' நாவலைப் படித்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "கதையை விடுங்க, அந்த பார்சிலோனா இருக்கே!" எனக்கும் அப்படித்தான். மூடுபனி, ஈரமான கருங்கல் சந்துகள், யாரோ பின்தொடரும் காலடிச் சத்தம். கதாபாத்திரங்களின் பெயர்கள் மறந்துபோன பிறகும் இவை மனதில் நிற்கின்றன. 2001இல் ஸ்பானிஷில் வெளிவந்த அந்த நாவலின் வெற்றியில் இந்தச் சூழலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்தச் சூழலைப் புனைந்தவர் ஸாஃபோன் மட்டும்தானா?

பார்சிலோனாவின் கதீட்ரலைச் சுற்றியிருக்கும் பகுதியை இன்று 'கோதிக் பேட்டை' என்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டுக்கு முன் அதற்கு இந்தப் பெயர் கிடையாது. 'கதீட்ரல் பேட்டை' என்று சாதாரணமாகச் சொல்லிவந்தார்கள். பெயர் மட்டுமல்ல, அங்கே நாம் பார்க்கும் 'பழமை'யில் பாதியும் புதுசு.

கதீட்ரலையே எடுத்துக்கொள்வோம். 1298இல் கட்டத் தொடங்கி 15ஆம் நூற்றாண்டில் உடல்பகுதியை முடித்தார்கள். முகப்பு மட்டும் நூற்றாண்டுக்கணக்கில் மொட்டைச் சுவராகவே நின்றது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மானுவல் ஹிரோனா என்ற வங்கி முதலாளி பணம் போட, 1408ஆம் ஆண்டின் ஒரு வரைபடத்தைத் தழுவி முகப்பை எழுப்பினார்கள். நடுக்கோபுரம் முடிந்தது 1913இல். அதாவது, ஈஃபில் கோபுரத்தைவிட வயதில் இளையது.

பக்கத்தில் பிஷப் தெரு. இரண்டு கட்டடங்களை இணைத்தபடி தெருவுக்கு மேலே கல்லில் நெய்த சரிகைபோல ஒரு பாலம். அந்தப் பேட்டையின் அடையாளமாகவே ஆகிவிட்ட படம் அது. கட்டியவர் காவுதியோடு வேலை செய்த ஜுவான் ருபியோ, கட்டிய ஆண்டு 1928. மறு ஆண்டு பார்சிலோனாவில் உலகக் கண்காட்சி. விருந்தாளி வரும் முன் வீட்டுக்கு வெள்ளையடிப்போமே, அவர்கள் வெள்ளைக்குப் பதிலாகப் பழமையை அடித்தார்கள்.

இதற்கான கற்கள் எங்கிருந்து வந்தன என்பது இன்னும் சுவாரசியம். புதிய நகரத்தையும் துறைமுகத்தையும் இணைக்க 1908இல் வியா லாயெத்தானா என்ற அகலச் சாலையை வெட்டத் தொடங்கினார்கள். பழைய நகரத்தின் நெஞ்சைப் பிளந்துகொண்டு போன சாலை அது. ஏராளமான வீடுகள் இடிந்தன, ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டார்கள். அழகான சில மாளிகைகளுக்கு மட்டும் வேறு விதி. காசா பாதெய்யாஸ் என்ற மாளிகையைக் கல் கல்லாகக் கழற்றி, 1931இல் அரசர் சதுக்கத்தில் மறுபடி பூட்டினார்கள். அஸ்திவாரம் தோண்டினால் கீழே ரோமானிய நகரமே கிடந்தது! இன்று அந்த மாளிகை நகர வரலாற்று அருங்காட்சியகம். இடம் மாறி வந்த வீடு, தனக்கடியில் நிஜமான வரலாற்றைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது. இதை நாவலில் எழுதினால் நம்ப மாட்டோம்.

சரி, இதெல்லாம் போலி என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடலாமா? அப்படிச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சோம்பேறித்தனமான விமர்சனமாகத் தெரிகிறது. புனைவு என்பதற்காகவே ஒன்றைக் குற்றம் சொன்னால் நாம் நாவலே படிக்க முடியாது. கழற்றுவது, இடம் மாற்றுவது, இல்லாத பாலத்தைப் போடுவது, எல்லாமே நாவலாசிரியரும் செய்யும் வேலைதானே. கேட்க வேண்டியது வேறு: இந்தப் புனைவுக்காக எது கண்ணிலிருந்து மறைந்தது? மாளிகைகள் இடம்பெயர்ந்து உயிர் பிழைத்தன. வாடகை வீடுகளில் இருந்தவர்களுக்கு அப்படி யாரும் நம்பர் போட்டுக் கழற்றி வைக்கவில்லை. 'கோதிக்' என்ற சொல் தேவாலயத்தையும் அரண்மனையையும் நினைவுபடுத்துகிறது. அதே பேட்டைக்குள் இருந்த யூதர் குடியிருப்பு 1391இல் தாக்கப்பட்டு, மக்கள் கொல்லப்பட்டு அழிந்ததை அந்தச் சொல் நினைவுபடுத்துவதில்லை.

இந்த இடத்தில் ஸாஃபோனிடம் திரும்புகிறேன். நாவலில் நூரியா மோன்ஃபோர்த் வசிப்பது சான் ஃபெலிப் நேரி சதுக்கத்தில். தேவாலயச் சுவர் முழுக்கக் குழிகள். அவை போர்க்காலத்து இயந்திரத் துப்பாக்கி விட்டுச்சென்ற தடங்கள் என்று கதைசொல்லி டானியல் போகிறபோக்கில் சொல்கிறான். நடந்தது வேறு. 1938 ஜனவரி 30 அன்று, ஃபிராங்கோவுக்கு ஆதரவான இத்தாலிய விமானங்கள் போட்ட குண்டுகளின் சிதறல்கள் ஏற்படுத்திய குழிகள் அவை. 42 பேர் செத்தார்கள். பெரும்பாலும் தேவாலயத்தில் அடைக்கலமாக இருந்த குழந்தைகள். போருக்குப் பின் ஃபிராங்கோ ஆட்சியில் வேறு கதை பரவியது: குடியரசுத் தரப்பினர் பாதிரியார்களை நிற்கவைத்துச் சுட்ட தடங்களாம் அவை. கொன்றவர்களின் குற்றத்தைச் செத்தவர்களின் தரப்பு மீதே ஏற்றிவிட்ட கதை.

டானியல் பாதிரியார்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லைதான். ஆனால் குண்டு துப்பாக்கியாக மாறியதுமே அந்தக் கதை உள்ளே நுழையக் கதவு திறந்துவிடுகிறது. ஸாஃபோனுக்கு ஆதரவாகவும் ஒரு வாதம் உண்டு. டானியல் ஃபிராங்கோவின் காலத்தில் வளர்ந்த பையன், அவனுக்குச் சொல்லப்பட்டதைத்தானே அவன் சொல்வான்? இந்த வாதத்தை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. தகப்பன்மார்கள் பேசாமல் விட்டதைத் தோண்டுவதுதான் இந்த நாவலின் மையம். மற்ற எல்லா ரகசியத்தையும் விடாமல் துரத்தும் டானியல் இந்தச் சுவரை மட்டும் அலங்காரமாகத் தாண்டிப் போகிறான். அதே காட்சியில் சதுக்கத்தில் சிறுவர்கள் போர்வீரர் விளையாட்டு ஆடுகிறார்கள். அங்கே செத்த குழந்தைகளின் மீது நாவலின் நிழல்கூட விழவில்லை.

சதுக்கமும் அப்படித்தான். குண்டில் சிதைந்த இடத்தை 1950களில் கட்டடக் கலைஞர் அடால்ஃப் ஃப்ளோரென்சா சீரமைத்தார். வேறிடங்களில் இடிபட்ட செருப்புத் தைப்போர் சங்கத்தின் வீட்டையும் செம்புக் கொல்லர் சங்கத்தின் வீட்டையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இடைக்காலத்தில் அப்படியே உறைந்துபோன மூலை என்று நம்பவைக்கும் அமைதி. அந்த அமைதியில் நிஜமாகவே பழசு கொஞ்சம், நிஜமாகவே நடந்தது அந்தக் குழிகள்.

கல் தானாகப் பேசும் என்பார்கள். பேசாது. ஒரே குழியை வைத்து இரண்டு கதை சொல்ல முடிந்திருக்கிறதே. கதீட்ரலின் பின்பக்கம் அரசப் பிரதிநிதியின் மாளிகைச் சுவரில் ஹீப்ரு எழுத்துள்ள கற்கள் சில இருக்கின்றன. மொன்ஜுயிக் குன்றிலிருந்த யூத இடுகாட்டுக் கல்லறைக் கற்கள் அவை, 16ஆம் நூற்றாண்டில் வெறும் கட்டுமானக் கல்லாக வைத்துப் பூசப்பட்டவை. அந்தப் பேட்டையை எழுத வரும் அடுத்த நாவலாசிரியர் மூடுபனியைக் கொஞ்சம் விலக்கிவிட்டு அங்கிருந்து தொடங்கலாம். எழுத்து ஏற்கெனவே சுவரில் இருக்கிறது. படிக்கத்தான் ஆள் வேண்டும்.