நாலில் மட்டும் ஓடும் விசிறி

சித்திரை மாதத்து மதியத்தில் காரைக்குடிக்குள் கார் ஓட்டியவருக்கு, புளோயர் நின்றுபோனால் என்ன பாடு என்று தெரியும். கம்ப்ரசர் ஓடும், குழாய் குளிரும். அந்தக் குளிரை முகத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கக் காற்று இருக்காது. கொடைக்கானல்காரர் இதையே ஹீட்டர் விசிறி என்பார். பெரும்பாலான கார்களில் மோட்டார் ஒன்றுதான். ஏசியின் குளிர்ந்த குழாய்களைத் தாண்டி வருகிற காற்றை, இன்ஜினின் சுடுநீர் ஓடும் குழாய்கள் பக்கமும் திருப்பிவிட்டால் ஹீட்டர். நம் ஊரில் அந்தச் சுடுநீர்ப் பக்கத்துக்கு வேலையே வருவதில்லை.

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்க வருகிறவர்களைக் கவனித்திருக்கிறேன். விவரம் தெரிந்தவர் வெண்கலப் பானையைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன்னால் விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுவார். ஓசை நீண்டால் பானை முழுசு. சட்டென்று அடங்கினால் எங்கோ கீறல். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனின் முதல் கேள்வியும் அப்படி ஒரு தட்டுத்தான்.

"நாலுல ஓடுதா தம்பி?"

செக்காலைப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில், கதவில் கைவைத்துக் குனிந்தபடி அந்த அண்ணன் கேட்டது இவ்வளவுதான். ஓடுகிறது, நாலில் மட்டும் ஓடுகிறது, ஒன்று இரண்டு மூன்றில் ஒன்றுமில்லை என்றேன். பாதி வண்டியை அந்தப் பதிலிலேயே அவர் பிரித்துவிட்டார். நான்கு ஸ்பீடு உள்ள புளோயரில் முதல் மூன்றுக்கும் கரண்ட் ரெசிஸ்டர் வழியாகப் போகிறது. நாலாவதுக்கு அதைச் சுற்றிக்கொண்டு நேராகப் போகிறது. நாலில் ஓடினால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது, பெரிய பியூஸ் நன்றாக இருக்கிறது, எர்த் இருக்கிறது. போனது ரெசிஸ்டர். எதிலுமே ஓடவில்லை என்றால் பியூஸ், ரிலே, கப்ளர், மோட்டார் என்று வேறு பாதை. நின்றுபோன மோட்டாரை ஒரு தட்டுத் தட்டினால் ஓடுகிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்து, ஸ்பிரிங் அழுத்தியும் செம்பைத் தொட முடியாமல் நிற்கிறது என்று பொருள். இரண்டு நாள் ஓடும், மறுபடி நிற்கும்.

ரெசிஸ்டர் என்று எனக்கும் தெரியும். நான்கு மாதத்தில் வேறொரு பட்டறையில் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. இதைச் சொன்னதும் அண்ணன் முகத்தில் ஒரு ஆர்வம் வந்தது. நான் ரசிப்பது அந்த இடத்தைத்தான். செத்த பொருளைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அதைக் கொன்றது எது என்று கேட்கிறவர்தான் கலைஞர்.

ரெசிஸ்டரைக் காற்றுப் பாதைக்குள்ளேயே வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஸ்பீடைக் குறைக்கும்போது மிஞ்சுகிற மின்சாரம் அதில் சூடாக மாறுகிறது. விசிறி ஊதுகிற காற்றே அதை ஆற்றுகிறது. மோட்டார் இறுகினால் கரண்ட் கூடும், காற்று குறையும். சூடும் ஏறி, ஆற்றவும் ஆளில்லாமல் ரெசிஸ்டர் வெந்துபோகும். புதிதாகப் போட்டதும் அதே வழியில்தான் போகும்.

அண்ணன் வயர்களை இணைக்கும் கப்ளரைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு துளையைச் சுற்றி மட்டும் தேநீர்க் கறை போலப் பழுப்பு. உள்ளே பின் கறுத்திருந்தது. அந்தத் தொடுமுனையில் 0.2 ஓம் தடை சேர்ந்திருந்தால் போதும். 15 ஆம்பியர் ஓடும்போது 3 வோல்ட் அங்கேயே காணாமல் போகும், 45 வாட் சூடு அந்தச் சிறு துளைக்குள் இறங்கும். பிளாஸ்டிக் உருகாமல் என்ன செய்யும்?

கையில் மல்டிமீட்டர் இருந்தும் அவர் எடுத்தது பழைய இண்டிகேட்டர் பல்பில் வயர் சுற்றிய டெஸ்ட் லேம்ப்பை. மீட்டர் இழுப்பது மிகச் சொற்பக் கரண்ட். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் 12 வோல்ட் என்று காட்டிவிடும். 21 வாட் பல்பு அப்படி ஏமாறாது, பாரம் கொடுத்துக் கேட்கும். பல்பு மங்கினால் எர்த் முனையை மட்டும் பாடிக்கு மாற்றிப் பார்ப்பார். பளிச்சென்று எரிந்தால் குற்றம் எர்த் வயரில். என் வண்டியில் மங்கல்தான்; பாடிக்கு மாற்றியும் மங்கல். பழி கறுத்த பின்மேல் உறுதியானது.

உலோகம் அரிப்பதையும் ஆராய்கிற ஒரு நிறுவனம் நம் ஊரில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். செம்பில் களிம்பு ஏறுவது அங்கே ஆய்வுப் பொருள். இங்கே பட்டறையில் உப்புத்தாளும் கூர்ந்த கண்ணும். இரண்டையும் நான் ஒரே மரியாதையோடு பார்க்கிறேன்.

பிறகு டேஷ்போர்டுக்குக் கீழே படுத்து, மூன்று திருகைக் கழற்றி மோட்டாரை இறக்கினார். உருளை விசிறியின் இதழ்களுக்கு நடுவே செம்மண் தூசியும் காய்ந்த வேப்பம்பூவும் அடையாக அப்பியிருந்தன. எங்கள் வீட்டு வாசல் வேப்பமரம்தான். நிழலுக்கு என்று அதன் அடியில் விட்டேன். கண்ணாடிக்குக் கீழுள்ள சல்லடை வழியாகப் பூ இறங்கியிருக்கிறது. அண்ணன் சுண்டுவிரலால் விசிறியைச் சுற்றிவிட்டார். நல்ல மோட்டார் விரலை எடுத்த பின்னும் கொஞ்சம் சுற்றித்தான் நிற்கும். இது விரலோடு நின்றது.

"இதான் தம்பி ரெண்டு ரெசிஸ்டரையும் தின்னுருக்கு."

தூரிகையால் இதழ் இதழாகத் துடைத்தார். புஷ்ஷில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, துணியால் ஒற்றி எடுத்தார். கூடினால் பிரஷ்ஷுக்கு வழியும், அது இன்னொரு வியாதி. கப்ளரை வெட்டிப் புதியது வைத்து, ஈயம் பற்றவைத்தார். கடைசியில்தான் ரெசிஸ்டர்.

"நாலுல வைங்க." மிச்சமிருந்த வேப்பம்பூ என் சட்டைமேல் பறந்து வந்து விழுந்தது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று, இரண்டு என்று இறக்கச் சொன்னார். ஒன்றில் வைத்ததும் பேச வேண்டாம் என்று கையைக் காட்டினார். சத்தமே இல்லை. முன்கை மயிர் மட்டும் மெல்ல அசைந்தது.