பட்டிமன்றம்: பதிலடிக்குக் காத்திருங்கள்

பொங்கல், தீபாவளி என்றால் காலை பத்து மணிவாக்கில் கூடத்து டிவியில் பட்டிமன்றம் ஓடும். அடுப்படியில் வடை வேகும். எங்கள் வீட்டில் அந்த நிகழ்ச்சியை முழுதாகப் பார்த்தவர் அப்பா, முழுதாகக் கேட்டவர் அம்மா. அப்பா விழுந்து விழுந்து சிரிக்கும் இடத்தில் அம்மாவிடமிருந்து சத்தமே வராது. பத்து நிமிடம் கழித்து எதிரணிக்காரர் எழுந்து அந்தப் பேச்சிலிருந்தே ஒரு சொல்லைப் பிடித்துத் திருப்பிப் போடுவார். அப்போதுதான் எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னாலிருந்து சிரிப்பு கேட்கும்.

பட்டிமன்றத்தை அம்மா ரசித்த மாதிரிதான் ரசிக்க வேண்டும் என்பது என் கட்சி. துணுக்குக்குச் சிரிப்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் துணுக்கு எதிரணியின் கையில் என்ன ஆகிறது என்று காத்திருப்பதற்குத்தான் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

இது நேற்று முளைத்த கலை இல்லை. மணிமேகலையில் இந்திர விழாவுக்கு முரசறைகிறவன், சமயவாதிகளே, பட்டிமண்டபம் ஏறுங்கள் என்று அழைக்கிறான். கூடவே, ஒத்துவராதவர்களோடும் சினமும் சச்சரவும் வேண்டாம் என்கிறான். நம் காலத்தில் சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகம் போன்ற மேடைகளும், குன்றக்குடி அடிகளார் போன்ற நடுவர்களும் இதை வளர்த்தார்கள். வாலியை இராமன் மறைந்திருந்து கொன்றது சரியா, கற்பில் சிறந்தவள் கண்ணகியா மாதவியா என்று ஊரே விடிய விடிய உட்கார்ந்து கேட்டது. பிறகு வாலி இருந்த இடத்துக்கு மாமியார் வந்தார், மாதவி இருந்த இடத்துக்கு செல்போன் வந்தது. தரம் இறங்கிவிட்டது என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை. ஆனால் நடுவர், இரண்டு அணி, ஒரு தீர்ப்பு என்கிற சட்டகம் அப்படியே இருக்கிறது, வேடிக்கையும் அந்தச் சட்டகத்துக்குள்தான் நடக்கிறது.

முதலில் தலைப்பைக் கவனியுங்கள். பணமா குணமா, கணவனா மனைவியா என்று ஒற்றை ‘ஆ’ எழுத்தில் தமிழ் ஒரு சண்டையை மூட்டிவிடுகிறது. நல்ல தலைப்பில் ஒரு பக்கம் பார்த்தவுடனே தோற்கிற மாதிரி இருக்கும். அந்த அணியின் பக்கம் மனத்தால் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள். குணத்துக்காக யார் வேண்டுமானாலும் பேசிவிடலாம். பணத்துக்காகப் பேசுகிறவருக்குத்தான் சங்கடம், அந்தச் சங்கடத்திலிருந்துதான் சிரிப்பு பிறக்கும்.

அடுத்தது வரிசை. அணிக்கு மூன்று பேர் என்று வைத்துக்கொண்டால், முதலில் பேசுபவர் பாவம். கூட்டம் இன்னும் சூடாகியிருக்காது, பதிலடி கொடுக்க எதிரே எதுவும் இருக்காது. கடைசியில் பேசுபவர் ராஜா: ஐந்து பேர் போட்டுவிட்டுப் போன சாமான் எல்லாம் அவர் கையில். ஒரு மேடையைக் கற்பனை செய்துகொள்வோம். வீட்டில் அதிகம் விட்டுக்கொடுப்பவர் கணவனா மனைவியா என்பது தலைப்பு. கணவர் அணிக்காரர் சொல்கிறார்: “துணிக்கடையில நாலு மணி நேரம் நின்னேங்க. சூப்பர்வைசர் வந்து, நீங்க எந்த செக்‌ஷன்ல வேலை பாக்குறீங்கன்னு கேட்டுட்டாரு.” கூட்டம் சிரிக்கிறது. நடுவர் மைக்கை இழுத்து, “சம்பளம் போட்டுக் குடுத்தாங்களாய்யா?” என்கிறார். இன்னொரு அலை. இதுவரை சிரித்தவர்கள் அப்பா கட்சி. இப்போது எதிரணிப் பெண்மணி எழுகிறார்: “கடையில அவரைப் பாத்து, வேலை செய்யறவரான்னு கேட்டாங்களாம். இருபது வருஷமா வீட்ல ஒருத்தருக்கும் அந்தச் சந்தேகம் வந்ததில்லைங்க.” அம்மா கட்சி சிரிப்பது இங்கேதான். துணிக்கடைக் கதை வீட்டிலேயே தயாராகி வந்தது. பதில் அங்கேயே, அந்தப் பத்து நிமிடத்துக்குள் முளைத்தது. அதுவும் அவருடைய சாட்சியையே வைத்து அவரைத் தோற்கடித்தது.

இந்த ஆட்டத்தைப் பல வருடங்களாக எதிரெதிரே நின்று ஆடிக் காட்டியவர்கள் பட்டிமன்றப் பேச்சாளர்கள் ராஜாவும் பாரதி பாஸ்கரும். ராஜா பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி, கதையில் வரும் ஒவ்வொருவர் குரலுக்கும் ஒரு சாயல் கொடுத்துக்கொண்டே போவார். பாரதி பாஸ்கர் வேகம். வாதத்தை அடுக்கிக்கொண்டே போய் ஒரு கவிதையில் கொண்டு நிறுத்துவார். ஒருவரைக் கேட்கும்போது மற்றவர் முகத்தைப் பாருங்கள். எதைக் குறித்துக்கொள்கிறார், எந்த இடத்தில் லேசாகச் சிரித்துத் தலையாட்டுகிறார் என்பதில் அடுத்த பேச்சின் முன்னோட்டம் இருக்கும்.

நடுவர்தான் இந்த ஆட்டத்தின் நட்டுவாங்கம். மதுரை அமெரிக்கன் கல்லூரியின் தமிழ்ப் பேராசிரியராக இருந்து, 2021இல் பத்மஸ்ரீ பெற்ற சாலமன் பாப்பையாவை எடுத்துக்கொள்ளுங்கள். பேசி முடித்தவரின் வாதத்தை மதுரைப் பேச்சில் திரும்பச் சொல்வார். அப்படிச் சொல்லும்போதே அது கொஞ்சம் கோணலாகிவிடும். அந்தக் கோணலோடு அடுத்தவரிடம் தள்ளிவிடுவார். மேடையில் அவரைப் போலப் பேசிக் காட்டாத பலகுரல் கலைஞர் குறைவு. இழுவை எல்லாருக்கும் வருகிறது. எங்கே குறுக்கிடுவது, எங்கே சும்மா இருப்பது என்கிற கணக்குதான் யாருக்கும் பிடிபடுவதில்லை. திண்டுக்கல் ஐ. லியோனியின் வழி வேறு. சினிமாப் பாட்டைத் தானே பாடி, அதை அக்கக்காகப் பிரித்துப்போட்டு மேடையையே கச்சேரியாக்கிவிடுவார். அங்கே வாதத்தைத் தேடினால் ஏமாறுவீர்கள். பாட்டைக் கேட்கிற காதோடு போக வேண்டும்.

சலிப்பைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். மனைவி என்றால் பூரிக்கட்டை, மாமியார் என்றால் கொடுமை, கணவன் என்றால் பயந்தாங்கொள்ளி என்று தேய்ந்த காசுகள் மேடையில் நிறையப் புழங்குகின்றன. நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். அந்தத் துணுக்கை அப்படியே எடுத்து வேறொரு தலைப்பில் செருகிப் பார்ப்பேன். பொருந்திவிட்டால் அது பையிலேயே கொண்டுவந்த சரக்கு. முந்தாநாள் வாட்ஸ்அப்பில் வந்ததாகவும் இருக்கலாம். பொருந்தவில்லை என்றால் அது இந்த மேடைக்கென்று பிறந்தது. கைதட்டலை அதற்குச் சேமித்து வையுங்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் முதியோர் இல்லத்தையும் தாயின் சேலையையும் கொண்டுவந்து கண்ணைத் துடைக்கவைப்பதும் இப்படியொரு சடங்காகிவிட்டது. அதுவரை சிரிக்கவைத்த கதையே திரும்பிவந்து நெஞ்சை அடைத்தால் தலைவணங்குவேன். தனியாக ஒட்டவைத்த அழுகை என்றால் எழுந்து காபி போடப் போய்விடுவேன்.

முடிந்தால் ஒரு முறையாவது நேரில் கேளுங்கள். டிவியில் சிரிப்பைக்கூட வெட்டி ஒட்டிவிடுகிறார்கள். ஒரே அம்மாள் ஒரே புடவையில் மூன்று வேறு ஜோக்குகளுக்கு ஒரே மாதிரி சிரிப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கோயில் திருவிழாவில் அப்படி இல்லை. நோட்டீஸில் எட்டு மணி என்று போட்டிருந்தால் பத்துக்குத் தொடங்கும். ஒரு துணுக்கு விழாமல் போனால் அந்த நிசப்தம் உங்கள் மீதும் வந்து உட்காரும். பேச்சாளர் அதிலிருந்து எப்படி எழுகிறார் என்பது டிவியில் காணக் கிடைக்காத காட்சி. இலக்கியத் தலைப்பில் கேட்டுக் காதைத் தீட்டிக்கொள்ள விரும்பினால் கம்பன் விழாக்கள் இருக்கின்றன. 1980இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிப் பின்னர் கொழும்பிலும் வேர்விட்ட கம்பன் கழகத்தின் பட்டிமண்டபங்கள் அந்த வகை. சிரிப்பு குறைவு, பிடிக்கும் பிடி இறுக்கம்.

தீர்ப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கணவன் மனைவி இருவருமே என்றுதான் பெரும்பாலும் முடியும். ஆனால் தீர்ப்பு சொன்னதும் எழுந்து பஸ்ஸுக்கு ஓடிவிடாதீர்கள். ஒருமுறை எங்கள் ஊர்த் திருவிழாவில் மேடைக்குப் பின்பக்கமாக வீட்டுக்கு நடந்தேன். ஒரு மணி நேரத்துக்கு முன்பு ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிட்ட இரண்டு பேர், வேனின் படியில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்து இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். சட்னியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே ஒருவர் கேட்டார்: “நாளைக்கு எனக்கு எந்த அணிண்ணே?”