கள்ளமின்மையும் அறியாமையும்

போர்க்காலக் கொடுமைகளைக் குழந்தையின் கண்கொண்டு நோக்குதல் நாவலாசிரியர் பலர் கையாளும் முறையாகும். அம்முறையிலே ஓர் இடர் உண்டு. கள்ளமின்மை வேறு, அறியாமை வேறு என்பதை மறந்துவிடின், கதை இரக்கத்தைத் தருமேயன்றி உண்மையைத் தராது. நாசி ஜேர்மனி யூதர்க்கு இழைத்த கொடுமையைப் பொருளாகக் கொண்ட இரு நாவல்கள் இதனைத் தெளிவுறுத்துவன.

அயர்லாந்து எழுத்தாளர் ஜோன் பொயின் 2006இல் வெளியிட்ட 'கோடிட்ட இரவுடைச் சிறுவன்' என்னும் நாவலில், வதைமுகாம் அதிபதியின் 9 வயது மகன் புரூனோ, வேலிக்கு அப்பாலுள்ள யூதச் சிறுவன் ஷ்முவேலுடன் நட்புக்கொள்கிறான். ஈற்றில் அவனோடு உட்சென்று மடிகிறான். அவ்விடம் யாது என்பதை அவன் இறுதிவரை அறியான். ஆசிரியர் இதனை நீதிக்கதை என்றே குறித்தார் என்பது மெய். எனினும், ஒன்றையும் அறியாதவன் எதனை இழத்தல் கூடும்? அவுஷ்விற்ஸை அடைந்த யூதச் சிறுவரிற் பெரும்பாலோர் வந்தவுடனேயே கொல்லப்பட்டனர் என்ற வரலாறும் இங்கே மறைகின்றது. படிப்போர் கண்ணீர் அதிபதியின் மகனுக்கே பெரிதும் உரியதாகின்றது.

ஹங்கேரிய எழுத்தாளர் இம்ரே கேர்த்தேஸின் 'விதியின்மை' (1975) வேறு வழிச் செல்வது. 1944இல், தமது 14ஆம் வயதில், அவுஷ்விற்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர் அவர். 2002இல் நொபெல் பரிசு பெற்றவர். அவர் படைத்த ஜோர்ஜி என்னுஞ் சிறுவன் மந்தமதியினன் அல்லன். பெரியோர் செய்வனவற்றுக்கெல்லாம் தக்க காரணம் இருக்கும் என நம்புபவன். வயது 16 எனக் கூறுமாறு கைதிகள் சொல்லக் கேட்டு, அவ்வாறே கூறிப் பிழைக்கிறான். உழைக்கவல்லாரையும் மாட்டாரையும் மருத்துவன் பிரிக்கும்போது, தானும் அம்மருத்துவனின் கண்ணாலேயே பிறரை அளந்து பார்க்கிறான். கள்ளமின்மை இழக்கப்படும் இடம் இதுவே. நம்பிக்கை என்னும் வாயிலின் வழியே கொடுமை உள்ளத்திற் புகுந்துவிடுகின்றது.

ஊர் மீண்டபின், நடந்தவற்றை மறந்துவிடுமாறு அயலவர் கூறுகின்றனர். ஜோர்ஜி உடன்படவில்லை. தன்னைக் குற்றமற்றவன் என்று மட்டும் கருதி அமைவதையும் அவன் ஏலான்; ஒவ்வோர் அடியையும் தானும் எடுத்துவைத்ததாக வாதிடுகிறான். பிறர் இரக்கத்துக்குரிய பொருளாக நிற்க மறுக்கும் இவ்வுறுதியே நாவலின் உயிர்நிலை.

அவ்வரலாற்றைக் கற்போரும் கற்பிப்போரும் பொயினின் நூலைத் தவிர்த்தல் வேண்டும் என 2020இல் அவுஷ்விற்ஸ் நினைவகம் கூறியது. அந்நூலை விலக்குவதினும், மாணவர் கையில் மற்றதையும் உடன் கொடுத்தல் ஆசிரியர்க்குக் கடன். கண்ணீர் விரைவில் உலரும். 'அவ்வரிசையில் நின்றிருப்பின் யான் எவர் கண்ணாற் பார்த்திருப்பேன்?' என்னும் வினா எளிதில் அகலாது.